கையேந்திய மாணவர்கள்: அலிகார் ‘அஞ்சுமனுல் பர்ளு’ வரலாறு

செம்பாக்கத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் அன்பர் ஒருவர், சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்ததும் நம்மைத் தேடி வந்தார். அவர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் அவருடைய மூத்த மகன். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, விடுதியில் தங்கி, ஒன்பதாம் நாள் பெட்டியோடு வீடு திரும்பிவிட்டான். மூத்த மாணவர்கள் நள்ளிரவில் எழுப்பிப் பாடச் சொன்னார்களாம். அவர்களுடைய துணிகளைத் துவைக்கச் சொன்னார்களாம். போதாக்குறைக்கு விடுதிச் சாப்பாட்டுக்கான முன்பணத்தில் பாதி பாக்கி.

“ஹஜ்ரத், சேர்க்கும்போது இங்கே எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரி என்றுதான் சொன்னார்கள். அண்ணன் தம்பி இப்படித்தான் நடத்துவார்களா? பையனைத் திரும்ப அனுப்பவா, வேண்டாமா?” என்று கேட்டார்.

நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. “இரண்டு நாள் பொறுங்கள் பாய், சொல்லுகிறோம்” என்று அனுப்பிவிட்டு வீட்டிற்கு வந்தோம். அவர் கேட்ட கேள்வியின் முதற்பகுதி நம்மை உறங்க விடவில்லை. மாணவர்கள் தமக்குள் சகோதரர் என்று சொல்லிக்கொண்டு சங்கம் அமைக்கும் வழக்கம் எங்கே தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, எங்கே வழி தவறியது என்று ஏடுகளைப் புரட்டலானோம். அதில் கிட்டியவற்றுள் நம் குடும்பங்கள் அறியத்தக்க ஒரு வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

சொல்லும் பொருளும்

அரபு மொழியில் ‘அக்’ என்றால் உடன்பிறந்தான். இதற்குப் பன்மை இரண்டு: ‘இக்வத்’ என்பது ஒன்று, ‘இக்வான்’ என்பது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் இரத்த உறவினரையும் பின்னது பெரும்பாலும் நட்பால் இணைந்தவரையும் குறிக்கும் என்று அகராதி வல்லார் பலர் கூறுவர். இதற்கு விலக்குகளும் உண்டு. ஐரோப்பியர் மாணவர் சங்கங்களுக்கு வழங்கும் ‘பிரட்டர்னிட்டி’ என்னும் சொல்லும் சகோதரன் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. ஆக, கிழக்கும் மேற்கும் ஒரே எண்ணத்தில்தான் தொடங்கின. தாய் வேறானாலும் தம்பி தம்பியே என்பது அவ்வெண்ணம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்ததும், மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களையும் மதீனாவாசிகளான அன்ஸார்களையும் இருவர் இருவராகச் சகோதரர் ஆக்கிய நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவரை வாழ்த்திவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டார். இருப்பவன் கொடுக்க முந்தினான். இல்லாதவன் தன் காலில் நிற்க முந்தினான். இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சகோதரத்துவம் முழுமை பெறுகிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

அஸ்ஹரின் ரிவாக்குகள்

கெய்ரோ நகரின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலில் மாணவர்கள் ஊர்வாரியாகத் தங்கிய பகுதிகளுக்கு ‘ரிவாக்’ என்று பெயர். ஹிஜ்ரி 818-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1415-16-இல், அங்கே எழுநூற்றைம்பது ஏழைகள் தங்கியிருந்தனர் என்றும், பாரசீகர், மக்ரிபியர், எகிப்தின் நாட்டுப்புறத்தார், ஸைலஃ நாட்டார் ஆகிய ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் தனி ரிவாக் இருந்தது என்றும் வரலாற்றாசிரியர் மக்ரீஸி குறித்துள்ளார். அந்த ஆண்டிலேயே பள்ளிவாசலின் பொறுப்பை ஏற்ற அமீர் ஸூதூப் என்பவர் அவ்வேழைகளை வெளியேற்றினார் என்பதையும் அவர் வருத்தத்தோடு எழுதி வைத்தார். ரிவாக்குகள் பின்னரும் தழைத்தன. பிற்காலத்தில் வக்ஃபு வருமானத்திலிருந்து ஒவ்வொரு ரிவாக்குக்கும் ரொட்டிப் பங்கு அளக்கப்பட்டது. கண்பார்வை இல்லாத மாணவர்க்கெனத் தனி இடமும் அமைந்தது. ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளைக்குத் தன் மொழி பேசும் நான்கு பேரும் அன்றாட ரொட்டியும் கிடைக்கச் செய்வதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

ஐரோப்பாவில் பாரிஸ், போலோன்யா போன்ற பழைய பல்கலைக்கழகங்களிலும் வேற்றூர் மாணவர்கள் நாட்டுவாரியாகக் குழு சேர்ந்தனர். அமெரிக்காவில் 1776 டிசம்பர் 5-ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர் சிலர் ‘ஃபை பீட்டா கப்பா’ என்னும் சங்கத்தைத் தொடங்கினர். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களுக்கு இதுவே முன்னோடி. இரகசிய உறுதிமொழியும் கைகுலுக்கும் தனி முறையும் அதற்கு இருந்தன. அதைப் பார்த்துப் பின்னால் தோன்றிய சங்கங்கள் பல, யாரைச் சேர்ப்பது என்பதைவிட யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதிலேயே பெருமை தேடின.

எனினும் அங்கேயும் ஒரு விதிவிலக்கைக் காண்கிறோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆறு கறுப்பின மாணவர்கள் 1905-இல் படிப்பைத் தொடரத் திரும்பி வரவில்லை. எஞ்சியோரும் புதியவர்களும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள வேண்டிக் கூடிப் படிக்கத் தொடங்கினர். அதுவே 1906 டிசம்பர் 4-ஆம் நாள் ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’ என்ற சங்கமாக உருப்பெற்றது. பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினரானார். திரும்பி வராத மாணவனை எண்ணிப் பிறந்த சங்கம் அது. நம் தெருப் பிள்ளையின் நினைவு நமக்கு இங்கே வந்ததில் வியப்பில்லை.

அலிகாரின் விடுதி

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஸர் ஸையித் அஹ்மத் கான் 1869-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விடுதி வாழ்க்கையைக் கண்ணாரக் கண்டு திரும்பினார். 1875-இல் அலிகாரில் ‘மத்ரஸத்துல் உலூம்’ பள்ளியாகத் தொடங்கியது. 1877 ஜனவரி 8-ஆம் நாள் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். பாடத்தைப் போலவே கூடி வாழ்தலும் கல்வியாகும் என்பது ஸர் ஸையிதின் கொள்கை. ஒரே உடை, ஒரே தொழுகை வரிசை, ஒரே உணவு மண்டபம், ஒரே விளையாட்டுத் திடல் என்று பிள்ளைகள் பழக வேண்டும் என்று விரும்பினார்.

ஆயினும் தொடக்க காலத்தில் அந்தக் கூடி வாழ்தலுக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. செங்கல் கட்டடமான ‘பக்கி பாரக்’ ஒருபுறம், மண்சுவர் எழுப்பிய ‘கச்சி பாரக்’ மறுபுறம். வாடகைக்கு ஏற்ப அறை. கல்லூரியை நாடி வந்தவருள் பெரும்பாலோர் பரம்பரைக் குடும்பத்துப் பிள்ளைகள். நெசவாளியின் மகனுக்கும் சிறு குடியானவனின் மகனுக்கும் அக்கதவு எளிதில் திறக்கவில்லை. ஸர் ஸையிதின் தொண்டைப் போற்றும் நாம் இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. அக்குறையை நீக்க முயன்றவர்கள் அவர் வளர்த்த மாணவர்களே என்பதில்தான் இவ்வரலாற்றின் சுவை இருக்கிறது.

1883-இல் தியோடர் பெக் என்னும் ஆங்கிலேய இளைஞர் கல்லூரி முதல்வராக வந்தார். கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராக இருந்தவர் அவர். 1884-இல் மாணவர் சொற்போர் மன்றம் தோன்றியது. ஷிப்லி நுஃமானி போன்ற அறிஞர்கள் அரபும் பாரசீகமும் கற்பித்த காலம் அது. மாணவர் சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைத்தன. அவற்றுள் பேச்சுக்கும் எழுத்துக்கும் உரியவையே மிகுதி. 1890-இல் பிறந்த ஒன்று மட்டும் வேறு வகையினது.

பர்ளு என்னும் பெயர்

அச்சங்கத்தின் பெயர் ‘அஞ்சுமனுல் பர்ளு’. கடமைச் சங்கம் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘டியூட்டி சொசைட்டி’ என்று வழங்கினர். இதன் மூலவர் அப்போது மாணவராயிருந்த ஸாஹிப்ஸாதா அஃப்தாப் அஹ்மத் கான். ‘ஸாஹிப்ஸாதா’ என்னும் பட்டமே அவர் உயர்குடிப் பிறந்தவர் என்பதைச் சொல்லும். பெக்கின் ஊக்கமும் அவருக்குத் துணை நின்றது. வசதியில்லாத மாணவன் பணமின்மையால் படிப்பை விட்டுப் போகக்கூடாது என்பதே சங்கத்தின் நோக்கம்.

பொருள் சேர்க்க அவர்கள் கண்ட வழி அக்கால உயர்குடியினர் எதிர்பாராதது. கோடை விடுமுறை வந்ததும் கறுப்பு ஷெர்வானியும் சிவப்புத் துருக்கித் தொப்பியும் அணிந்த மாணவர் குழுக்கள் ஊர் ஊராகப் புறப்பட்டன. வீட்டு வாசலில் நின்று கையேந்தின. யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்டால், ‘எம் சகோதரனுக்காக’ என்பதே அவர்கள் தரத்தக்க விடை. கடை வைத்துப் பொருள் விற்று, அதன் ஆதாயத்தையும் நிதியில் சேர்த்தனர். கொடுப்பதே குலப்பெருமை என்று வளர்ந்த பிள்ளைகள், இன்னொருவனுக்காகக் கேட்பதும் பெருமையே என்று கற்றுக்கொண்டனர்.

இப்பயணங்களால் வேறொரு பயனும் விளைந்தது. ஸர் ஸையிதின் சமயக் கருத்துகளை மறுத்து ஆலிம்கள் பலர் தீர்ப்பு எழுதியிருந்த காலம் அது. அக்கருத்துகள் சிலவற்றில் நமக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் தொழுகை நேரத்தில் ஊர்ப் பள்ளிவாசலில் வரிசையில் நின்றுவிட்டு, பிறகு பணிவோடு உதவி கேட்ட இளைஞர்களைக் கண்டபோது மக்களின் ஐயம் தணிந்திருக்கும். நூறு மறுப்பு நூல்கள் செய்ய முடியாததை நல்லொழுக்கமுள்ள நான்கு பிள்ளைகள் செய்துவிடுவர்.

பெயரில் அடங்கிய நுட்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் தம் சங்கத்திற்கு ‘ஸதக்கா’ என்றோ ‘கைராத்’ என்றோ பெயரிட்டிருக்கலாம். பர்ளு என்றே பெயரிட்டார்கள். ஃபிக்ஹு நூல்களில் பர்ளு இருவகைப்படும் என்று நாம் மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதியானது பர்ளு ஐன். சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்குவதும், ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் ஊரார் அனைவரையும் குற்றம் சாருவதும் பர்ளு கிபாயா. ஏழைப் பிள்ளையின் படிப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று அந்த மாணவர்கள் கொண்டார்கள் போலும். தருமம் என்றால் தருபவன் உயர்ந்தும் பெறுபவன் தாழ்ந்தும் நிற்க நேரும். கடமை என்றாகிவிட்டால் இருவரும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

உதவியைக் கடனாக வழங்கும் முறையும் சங்கத்தில் நிலைபெற்றது. வட்டியில்லாத அந்தக் கடனை, படித்து வேலை கிடைத்தபின் திருப்பித் தருவது வழக்கம். இன்று பெற்றவன் நாளை தந்தவன் ஆவான். அவன் தந்தது அடுத்த மாணவனுக்குப் போய்ச் சேரும். மதீனாவில் நாம் கண்ட இருவரின் பண்பும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருப்பதை வாசகர்கள் உணர்வார்கள்.

கிளைகள்

சங்கம் தோன்றிய சில ஆண்டுகளில், படிப்பை முடித்து வெளியேறிய மாணவர்களும் ஒரு சகோதரக் கழகம் அமைத்தார்கள். தம் வருவாயில் நூற்றுக்கு ஒன்றைக் கல்லூரிக்கு அளிப்பதாக அதில் சேர்ந்தோர் வாக்களித்தனர். 1899-இல் பழைய மாணவர் சங்கம் ஏற்பட்டது. பிற்காலத்தில் கிலாஃபத் இயக்கத்தால் புகழ்பெற்ற மௌலானா ஷவ்கத் அலி அச்சங்கத்திற்கு உழைத்தவர்களுள் ஒருவர்.

1920-இல் அலிகார்க் கல்லூரி பல்கலைக்கழகம் ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்ற மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியேறி ஜாமியா மில்லியாவைத் தொடங்கினர். அவர்களுள் டாக்டர் ஸாகிர் ஹுஸைன் ஒருவர். ஜெர்மனியில் படித்துவிட்டு 1926-இல் திரும்பிய அவர், வறுமையால் மூடப்படும் நிலையிலிருந்த ஜாமியாவின் பொறுப்பை ஏற்றார். 1928-இல் அங்கிருந்த ஆசிரியர்கள் ஒரு கழகமாகச் சேர்ந்து, மாதம் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் பெறாமல் இருபது ஆண்டுகள் உழைப்பதாக உறுதி எடுத்தனர். அவர் பின்னாளில், 1967-இல், இந்தியக் குடியரசுத் தலைவராக உயர்ந்தார். கையேந்துதல் ஒரு தலைமுறையின் கடமையானது போல, தன் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளுதல் அடுத்த தலைமுறையின் கடமையாயிற்று.

அஃப்தாப் அஹ்மத் கான் என்ன ஆனார்? கேம்பிரிட்ஜ் சென்று படித்து, பாரிஸ்டராகி, அலிகாருக்கே திரும்பினார். 1924 முதல் 1926 வரை பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். பதவி முடிந்தபின் ஓய்ந்திருக்கவில்லை. 1927-இல் பார்வையற்ற பிள்ளைகளுக்கென அலிகாரில் ஒரு பள்ளியை நிறுவினார். அது இன்றும் அஹ்மதி பள்ளி என்று வழங்குகிறது. 1930-இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய கடமைச் சங்கம் நூற்றாண்டு கடந்தும் ஏழை மாணவர்க்கு உதவி வருகிறது.

வழி தவறிய இடம்

வரலாறு எழுதுவோர் நல்லதை மட்டும் எழுதிச் செல்லலாகாது. விடுதிச் சகோதரத்துவம் எங்கெங்கும் இவ்வாறே வளர்ந்தது என்று நாம் கூற முடியாது. அலிகாரிலேயே மூத்தவன் இளையவன் என்னும் உறவில் இனிமையும் உண்டு, கசப்பும் உண்டு. கூடத் தேநீர் அருந்தினால் மூத்த மாணவனே காசு கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள அழகிய மரபு. புதியவனை ‘அறிமுகம்’ என்ற பெயரால் அலைக்கழிக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. மூத்தவனுக்குக் கிடைத்த மரியாதை, இளையவனுக்கு அவன் பட்டிருந்த பொறுப்பின் கூலி. பொறுப்பைக் கைவிட்டுக் கூலியை மட்டும் கேட்கத் தொடங்கியதும் அது கொடுமையாகிவிட்டது.

அக்கொடுமை நம் தமிழகத்தில் எந்த அளவுக்குச் சென்றது என்பதை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவம் பயின்ற முதலாண்டு மாணவர் ஒருவர் விடுதியில் மூத்த மாணவரால் கொலையுண்டார். அந்தத் துயரத்தை அடுத்து, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. சேரும்போதே மாணவனும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தருகிறார்கள். சட்டம் தீய கையைத் தடுக்கும். உதவும் கையை அதனால் உண்டாக்க முடியாது. அதை உண்டாக்க ஒரு அஃப்தாப் அஹ்மத் கான் வேண்டும்.

நம் வாசலில்

செம்பாக்கத்திலிருந்து பார்த்தால் கல்லூரிகள் நமக்குத் தொலைவில் இல்லை. 1837-இல் சென்னை நகரில் சிறு பள்ளியாகத் தொடங்கி, 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறித்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் ஆகிய அதன் பழைய விடுதிகளில் பல சமயத்துப் பிள்ளைகளும் கூடி வாழ்ந்திருக்கிறார்கள். தாம் இருந்த விடுதியின் பெயரைச் சொல்லிப் பூரிக்கும் முதியவர்களை இப்பகுதியில் இன்றும் காணலாம். வண்டலூரில் 1984-இல் கீழக்கரைப் பெருமகனார் பி. எஸ். அப்துர் ரஹ்மான் தொடங்கிய கிரசென்ட் பொறியியற் கல்லூரி இன்று பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்துள்ளது. ஸர் ஸையித் தொடங்கிய கல்வி மாநாடு 1901-இல் சென்னையில் கூடியது. அக்காலத்தில் தோன்றிய தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951-இல் புதுக்கல்லூரியை நிறுவியது. கட்டடங்கள் நமக்கு இருக்கின்றன. கட்டடத்துக்குள் நுழைந்த பிள்ளை பாதியில் திரும்பாமல் காக்கும் ‘பர்ளு’ நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

நாம் ஓதிய மத்ரஸாவில் இரவு பாடத்தை மூத்த மாணவர் இளையவர்க்குத் திரும்ப ஓதிக் காட்டுவார். தமக்கு முறைவீட்டிலிருந்து வந்த சோற்றில் புதிய பிள்ளைக்கு ஒரு பிடி எடுத்து வைப்பார். அவரை ‘அண்ணன்’ என்று அழைக்க எவரும் நம்மை வற்புறுத்தியதில்லை. சோற்றுப் பிடிதான் அந்தச் சொல்லை வரவழைத்தது.

இரண்டு நாள் கழித்து ஆட்டோ ஓட்டும் அன்பர் வந்தார். “பாய், அண்ணன் தம்பி அப்படி நடத்தமாட்டார்கள். நடத்தினால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகமாட்டார்கள். பையனை அனுப்புங்கள், தனியாக அனுப்ப வேண்டாம்” என்றோம். நம்மிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிப் பின்னர் கல்லூரியில் படித்து வேலைக்குச் சென்றவர்கள் மூவர் இப்பகுதியில் உள்ளனர். அவர்களை அழைத்து அலிகார் வரலாற்றைச் சொன்னோம். ஒருவர் அவனுடன் சென்று கல்லூரி முதல்வரைக் கண்டு நடந்ததை எழுத்தில் கொடுத்து வந்தார். மற்ற இருவரும் விடுதிப் பாக்கியைக் கட்டினார்கள். அது தருமம் இல்லை, கடன் என்று அவனிடம் சொல்லச் சொன்னோம். வேலை கிடைத்தபின் அவன் அதை இன்னொரு பிள்ளைக்குக் கட்ட வேண்டும்.

அவன் இப்போது இரண்டாம் ஆண்டில் படிக்கிறான். இந்த ஆண்டு விடுதிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவனும் மூத்தவன். சென்ற விடுமுறையில் வந்தபோது, முதல் வாரம் அவர்களை எப்படி நடத்தினாய் என்று கேட்டோம். புதிதாக வந்த ஒருவனுக்கு வாளி இல்லை என்று தன்னுடையதைக் கொடுத்ததாகச் சொன்னான். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அலிகாரில் தொடங்கிய சங்கத்தில் அவனும் ஓர் உறுப்பினன் ஆகிவிட்டான் என்று எண்ணி, எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி சொன்னோம்.

இதைப் படிக்கும் குடும்பங்களில் கல்லூரி சென்று திரும்பியவர் ஒருவரேனும் இருப்பார். அவர் தெருவிலும் முன்பணம் கட்ட முடியாத பிள்ளை ஒன்று இருக்கும். இந்தப் பர்ளை யாரேனும் ஒருவர் நிறைவேற்றினால் ஊரார் அனைவரும் தப்பினோம். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் நம்மில் எவரும் தப்பவில்லை.